சிறிய கத்தி – ஒரு கடிதம்

வணக்கம்.

மலையேற்றத்துக்கும் கூடாரத் தங்கலுக்கும் எடுத்துப் போக ஒரு சிறிய கத்தி வாங்கியிருக்கிறேன். மடக்குக் கத்தி இல்லை, உறையில் செருகி வைக்கும் வகை. அலகு 8 சென்டிமீட்டர், முதுகின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கார்பன் ஸ்டீல். உறை கெட்டியான பிளாஸ்டிக். வார இறுதியில் முதன்முறையாக வெளியே கொண்டுபோகிறேன். வீடியோக்களில் எல்லோரும் கத்தியைக் கட்டைமேல் வைத்து முதுகில் அடித்துப் பிளக்கிறார்கள், மரத்தில் குத்தி வளைத்துப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் தரம் தெரியுமா? கூட வரும் நண்பரோ, "இதெல்லாம் பொம்மை, காட்டுக்குப் பெரிய கத்திதான் வேணும்" என்கிறார். புதுக் கத்தியில் எதைப் பார்க்க வேண்டும்?

– எம்.

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் நண்பருக்கு. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி–ஆஸ்திரிய எல்லையருகே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதனின் உடல் பனிக்கட்டியிலிருந்து வெளிப்பட்டது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். அவனிடம் செம்புக் கோடரி ஒன்று இருந்தது. அதோடு ஒரு குட்டிக் கத்தியும் இருந்தது. சிக்கிமுக்கிக் கல்லில் அலகு, மரத்தில் பிடி, மரநாரில் பின்னிய உறை. பிடியையும் சேர்த்தே மொத்த நீளம் 13 சென்டிமீட்டர்தான். மழுங்கிய கல்லைச் செப்பனிட, மான்கொம்பு முனை பதித்த ஒரு சிறு கருவியும் வைத்திருந்தான். அடித்துப் பிளக்கும் வேலையெல்லாம் கோடரிக்கு, சீவுவதும் அறுப்பதும் கத்திக்கு. மலை கடக்கப் புறப்பட்டவன் பொம்மையையா சுமந்துகொண்டு போயிருப்பான்?

உங்கள் கேள்விக்கும் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கோடரியின் வேலையைக் கொடுத்துக் கத்தியைச் சோதிக்காதீர்கள். 8 சென்டிமீட்டர் அலகால் கட்டை பிளக்க வேண்டுமென்றால், அடிப்பதற்கு இடம் விட்டு அலகின் நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நான்கைந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் தொடவே முடியாது. நேர் நாரோட்டமுள்ள, கணு இல்லாத சுள்ளி என்றால் இரண்டு தட்டுத் தட்டலாம், ஒன்றும் ஆகாது. கணுவில் மாட்டினால் விளிம்பு பல் போகும். பிடிக்குள் இறங்கும் இரும்பு குறுகலான வால்போல இருக்கிற கத்தி என்றால் அது பிடிக்குள்ளேயே முறியவும் கூடும். வளைத்துப் பார்ப்பது அதைவிட வீண். கூர் நிற்க வேண்டும் என்பதற்காகவே எஃகைக் கடினமாக்குகிறார்கள், கடினமான எஃகு ஓரளவுக்கு மேல் வளையாமல் ஒடியும். உங்கள் கத்தி ஒடிந்தால் அதன் தரத்தைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியவராது.

பெரிய கட்டையைப் பிளந்தே ஆக வேண்டும் என்றால் கெட்டியான ஒரு கிளைத்துண்டை எடுத்து ஆப்பு சீவுங்கள். கத்தியால் கட்டையின் முகப்பில் ஒரு கீறல் போட்டு, அதில் ஆப்பைச் செருகி இன்னொரு கட்டையால் அடியுங்கள். வேலையும் நடக்கும், ஆப்பு சீவும்போது கத்தியைப் பற்றித் தெரிய வேண்டியது பலவும் தெரிந்துவிடும்.

அப்படித் தெரிய வேண்டியதில் முதலாவது பிடி. அலகு, எஃகு, விளிம்பின் கோணம் என்று பேசித் தீர்க்கிறவர்கள் பிடியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். வாங்கும்போது கையில் எடுத்தால் எந்தப் பிடியும் சுகமாகத்தான் இருக்கும். ஒரே குச்சியை அரை மணிநேரம் விடாமல் சீவிப் பாருங்கள். இறகுக் குச்சி செய்வது இதற்கு நல்ல பயிற்சி: சீவல் உதிராமல் சுருண்டு குச்சியிலேயே ஒட்டி நிற்க வேண்டும், ஈரக் காட்டில் தீ மூட்ட அதுதான் கைகொடுக்கும். அரை மணிநேரம் கழித்து உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே சிவந்திருந்தால், கையை அழுத்தும்போது பிடியின் பின்முனை குத்துகிறது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வலித்தால் பிடிக்கு முன்னால் இருக்கிற விளிம்போ விரல்தடுப்போ கூராக இருக்கிறது. சிறிய கத்திகளில் பலவற்றின் பிடியில் மூன்று விரல்தான் அடங்கும். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கினால் அழுத்தி வெட்டும்போது கத்தி கைக்குள் சுழலப் பார்க்கும். பிறகு கையை நனைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யுங்கள். கையுறை போடுகிற ஆள் என்றால் அதைப் போட்டுக்கொண்டும் செய்யுங்கள். உறுத்துவது சின்ன விளிம்பு என்றால் மணல்தாள் போதும், பத்து நிமிட வேலை. பிடியே மெல்லியதாக, தட்டையாக இருக்கிறதா? அதற்கு வைத்தியம் இல்லை. மாற்றிவிடுங்கள்.

முதுகில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொறிக்கம்பியில் உரசித் தீப்பொறி எடுக்க முதுகின் விளிம்பு செங்கோணமாக, கூராக இருக்க வேண்டும். ஆனால் நுணுக்க வேலையில் அதே முதுகின்மேல்தான் கட்டைவிரலை வைத்துத் தள்ளுவீர்கள். கூரான முதுகு சற்று நேரத்தில் விரலைக் கிழித்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால், பிடியை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டரை மட்டும் மெல்லிய அரத்தால் மழுக்கி, மீதியை அப்படியே விடலாம். இதைச் செய்துதரும் தயாரிப்பாளர்கள் குறைவு. பெட்டியிலிருந்து எடுத்த பொருளில் அரம் வைக்க மனம் வராதவர்கள் விரலைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

தடிமனைப் பொறுத்தவரை உங்கள் தேர்வு சரி. சின்னக் கத்திக்கு நான்கைந்து மில்லிமீட்டர் முதுகு வைத்துப் 'பலமானது' என்று விற்பது வெறும் பகட்டு. அப்படிப்பட்ட அலகு பழத்தை அறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும். பின்லாந்தின் புக்கோ, ஸ்வீடனின் மோரா கத்திகள் பெரும்பாலும் மெலிந்தவைதான். தலைமுறை தலைமுறையாக மரவேலையும் வேட்டையும் அவற்றால்தான் நடக்கிறது.

அடுத்தது உறை. கத்தியைச் செருகி, தரையில் மெத்தென்று எதையாவது விரித்து, அதற்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழுந்தால் அந்த உறையோடு மலையேறாதீர்கள். விழாமல், ஆனால் இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் வருகிறது என்றால் அதுவும் ஆபத்து. இறுக்கம் சட்டென்று விடுபடும்போது கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கட்டைவிரலை உறையின் வாயில் ஊன்றித் தள்ளினால் ஒரு சின்ன 'கிளிக்'கோடு வர வேண்டும். பிளாஸ்டிக் உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். மண் புகுந்தால் ஒவ்வொரு முறை செருகும்போதும் அலகில் கோடு விழும், ஓட்டை இருந்தால் கழுவிவிடலாம். உறையில் திரும்பச் செருகும்போது பேச்சை நிறுத்திவிட்டு உறையின் வாயைப் பார்த்துச் செருகுங்கள்.

கூர்மையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. தாளை அறுத்துக் காட்டும் வித்தையில் தெரிவது தொழிற்சாலைக் கூர் மட்டும்தான். அது எத்தனை நாளைக்கு? இயந்திரச் சாணையில் விளிம்பு சூடேறிப் பதம் கொஞ்சம் இறங்கியிருக்கும் கத்திகளும் உண்டு, அவை நீங்கள் ஒன்றிரண்டு முறை தீட்டிய பிறகே தங்கள் உண்மையான குணத்தைக் காட்டும். ஆகவே சின்னத் தீட்டுக்கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகச் சீவி மழுங்கவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தீட்டிப் பாருங்கள். பிசிர், அதாவது தீட்டும்போது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோக ஓரம், சுலபமாக எழும்பி, சுலபமாக விழுந்தால் நல்ல சகுனம்.

கார்பன் ஸ்டீல் ஈரத்தோடு உறைக்குள் ஓர் இரவு இருந்தாலே துருப்புள்ளி வைக்கலாம். துடைத்துக் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். பழம் அறுத்தபின் அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறினால் பதறித் தேய்த்துவிடாதீர்கள். அது துரு இல்லை, அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். செம்பழுப்பாக வந்தால் மட்டும் தேய்த்து எடுங்கள்.

சீவும்போது மடியில் வைத்துச் சீவ வேண்டாம். தொடையின் உள்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது, வெளியிடத்தில் அங்கே வெட்டுப்பட்டால் மருத்துவமனை வரை தாங்காமல் போகலாம். முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, கத்தி கால்களுக்கு வெளியே போகும்படி உட்காருங்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. கூடாரத்துக்குள் கத்தி வேலை கிடையாது. போகும் வழியில் இடுப்பில் கட்டிக்கொள்ளாமல் பையின் அடியில் வையுங்கள். மடக்காத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பதைச் சில நாடுகளின் சட்டம் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது.

நண்பர் தன் பெரிய கத்தியையும் எடுத்து வரட்டும். ஆளுக்கொரு கூடார முளை சீவுங்கள், கயிறு மாட்டும் வெட்டுப் பள்ளத்தோடு. பாதியில் கத்தியை மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவர் உங்கள் கத்தியைத் திருப்பித் தருகிறாரா என்று எழுதுங்கள்.