விழுந்த பல்லைக் காயவிடாதீர்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் கிராமம். கபடி ஆடும்போது அண்ணன் மகனுக்கு (9 வயது) மேல் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. சோப்பு போட்டுக் கழுவி, காகிதத்தில் மடித்து மறுநாள்தான் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். இனிப் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உடனே என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: பல் இறந்ததற்குக் காரணம் தூரம் மட்டுமல்ல, அது காய்ந்துபோனதும்தான். வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். பல் மறுபடி எலும்போடு சேர அதிலுள்ள செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். வெளியே காய்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்தால் அவை செத்துவிடும். சோப்பும் தேய்ப்பும் அந்தச் சவ்வையே உரித்துவிடும்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, தலையில் பலமான அடி இருந்தால் பல்லை அப்புறம் பார்க்கலாம்; உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பல் எங்கும் கிடைக்கவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே தேவைப்படும்.

அடுத்து, விழுந்தது பால் பல்லா நிலைப்பல்லா? மேல் முன்பற்கள் 7, 8 வயதில் நிலைப்பல்லாக மாறும். பால் பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல் கெட்டுவிடும்.

நிலைப்பல் என்றால், வாயில் தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசினால் போதும். வழுவழுப்பான பக்கம் உதட்டைப் பார்த்தும், குழிந்த பக்கம் நாக்கைப் பார்த்தும் இருக்கும்படி குழிக்குள் மெதுவாகச் செருகுங்கள். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும் மடித்த சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 15 நிமிடத்துக்குள் இதைச் செய்வதைவிடச் சிறந்த முதலுதவி கிடையாது.

கை நடுங்கினாலோ பிள்ளை ஒத்துழைக்காவிட்டாலோ பாலில் போடுங்கள். கறந்த பாலோ பாக்கெட் பாலோ, குளிர்ந்திருந்தால் போதும். பல் முழுதும் மூழ்க வேண்டும். சூடான பாலும், மோர் தயிரும் வேண்டாம். தண்ணீரில் போட்டு வைத்தால் செல்கள் ஊதி வெடிக்கும். மஞ்சள் தடவுவது, டிஷ்யூவில் சுற்றுவது இரண்டும் கெடுதல். உங்கள் ஊரிலிருந்து பல் மருத்துவரிடம் வர நேரமாகும் என்பதால் பள்ளியிலும் இதைச் சொல்லி வையுங்கள். பால் எந்த ஊரிலும் கிடைக்கும்.

மருத்துவர் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் கட்டி வைப்பார். அதுவரை குழைந்த சோறு, இட்லி கொடுங்கள்; மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். வேர் நுனி முழுதும் மூடிய பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தொடங்க வேண்டும். 9 வயதில் நுனி பெரும்பாலும் திறந்திருக்கும். ரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்புண்டு என்பதால் முதலில் கவனித்துப் பார்ப்பார்கள். வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சில பற்களில் வேர் சத்தமில்லாமல் கரையும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

அண்ணன் மகனுக்கு இப்போது முக்கியம், அந்த இடைவெளி. விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அடைத்துவிடும். இடத்தைக் காக்கும் கருவியோ கழற்றி மாட்டும் பல்லோ தேவையா என்று குழந்தைப் பல் மருத்துவரிடம் விரைவில் காட்டுங்கள். தாடை எலும்பில் பதிக்கும் நிரந்தரமான செயற்கைப் பல் (இம்ப்ளான்ட்) தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான்.