முகம் ஏன் மழுங்குகிறது?

கேள்வி: 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் போர்வீரர் பொம்மைகளுக்கு மூன்று மாதமாக வண்ணம் தீட்டி வருகிறேன். எவ்வளவு பொறுமையாகத் தீட்டினாலும் முகமும் உடை மடிப்புகளும் மழுங்கிப்போகின்றன. இன்னும் மெல்லிய தூரிகை வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தூரிகையை மாற்றுவதற்கு முன் வண்ணத்தின் அடர்த்தியைப் பாருங்கள். புட்டியில் இருக்கும் அக்ரிலிக் வண்ணத்தை அப்படியே பூசினால், அது மூக்கின் ஓரத்திலும் உதட்டின் இடுக்கிலும் தேங்கிக் காய்ந்து, சிற்பி செதுக்கிய நுணுக்கங்களை மூடிவிடும். சிறிது தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கரைத்து, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பின்னரே இரண்டாவது பூச்சைக் கொடுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிவது இயல்புதான். அதைக் கண்டு மனம் தளர்ந்து அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தேய்த்தால், பாதி காய்ந்த வண்ணம் உரிந்து எழுந்துவிடும். பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வண்ணம் பிடித்து நிற்க உதவும் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சை மெல்லியதாக அடித்த பின்னரே இவ்வளவும்.

மிக மெல்லிய தூரிகையில் வண்ணம் நுனியிலேயே காய்ந்துவிடும் என்பதால், கூர்மையான நுனி கொண்ட 1ஆம் எண் தூரிகையே முகத்துக்கும் போதும் என்பது என் உறுதியான கருத்து. மடிப்புகளில் வாஷ் எனப்படும் நீர்த்த அடர்நிறத்தை ஓடவிட்டு, அது காய்ந்ததும் மேடுகளில் மட்டும் பழைய நிறத்தைத் திரும்பத் தொட்டுவையுங்கள். கண்களை முகத்துக்கு முன்பே தீட்டிவிடுங்கள். வெளியே வழிந்த வெண்மையைத் தோல் நிறத்தால் மூடிக்கொள்ளலாம்.