மனிதவளச் சங்கக் குழுவில் சம்பளமில்லாப் பொறுப்பு: ஏற்கலாமா?

"கொழும்பில் எச்.ஆர். வேலை. தொழில்சார் சங்கக் குழுவில் சேரக் கூப்பிடுகிறார்கள், காசு கிடையாது. பிரயோசனம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. சி.வி.யில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

இது புது வழக்கமில்லை. 1948இல் தொடங்கிய அமெரிக்காவின் எஸ்.எச்.ஆர்.எம். என்ற மனிதவளச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகளை இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள்.

அலுவலகத்தில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், பதவி இருக்கிறது. குழுவில் அது செல்லாது. வருகிறேன் என்றவர் வராவிட்டால் லீவைக் குறைக்கவா முடியும்? வெள்ளவத்தைக் கடைக்காரர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி பற்றித் தமிழில் ஒரு கூட்டம் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். சம்பளத்தில் முதலாளி 12%, ஊழியர் 8% கட்ட வேண்டும் என்று விளக்குவது சுலபம். மண்டபம், பேச்சாளர், தேநீர் என்று ஆளுக்கொன்றைத் தலையில் கட்டி, மனம் கோணாமல் முடிக்க வைப்பதுதான் பாடு. அந்தப் பழக்கம் எந்த டிப்ளோமாவிலும் கிடைக்காது.

அப்புறம், மாதத்துக்கு எத்தனை மாலை போகும் என்று முதலிலேயே கேளுங்கள். காலி வீதி டிராஃபிக்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் மேலாளரிடமும் சொல்லிவிடுங்கள். கம்பெனியின் சம்பள விவரம் மட்டும் அங்கே வாயில் வரக்கூடாது.