சாரலும் வழுவழுப்பும்: கூலிங் டவர் கேள்வி-பதில்

எங்கள் டவர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. டெஸ்ட் அவசியமா? (கஞ்சிக்கோடு)

அவசியம். கடுமையான நுரையீரல் காய்ச்சல் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது. 20 முதல் 45 டிகிரி வரை பெருகும். ஆலையின் சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றும் நம் டவர்கள் எல்லாமே அந்தச் சூட்டில்தான் ஓடுகின்றன. தொட்டியின் உள்சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அது குடியேற இடம் தயார்.

ஹைப்போ எவ்வளவு ஊற்ற வேண்டும்? (ஊர் இல்லை)

எவ்வளவு தண்ணீருக்கு? பிஎச் என்ன? ஒன்றுமே எழுதாமல் அளவு கேட்டால் நான் என்ன ஜோசியரா? 10,000 லிட்டரில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) குளோரின் ஏற்ற, 10 சதவீத ஹைப்போ (குளோரின் திரவம்) சுமார் 100 மில்லி. அழுக்கு தின்றது போக 0.5 முதல் 1 பிபிஎம் மிஞ்சுகிறதா என்று டெஸ்ட் கிட்டில் பாருங்கள். பிஎச் 8-ஐத் தாண்டினால் குளோரின் சரியாக வேலை செய்யாது. வெயிலில் கிடந்த கேனை நம்பாதீர்கள்.

ஆடிக்காற்றில் டவர் சாரல் கேன்டீன் வரை வருகிறது. ஆபத்தா? (வாளையார்)

ஆபத்துதான். டிரிஃப்ட் எலிமினேட்டர் (சாரலைப் பிடித்து நிறுத்தும் தகடுகள்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபேனை நிறுத்தி, என்95 மாஸ்க் போட்டுத்தான் ஏற வேண்டும். இதை எழுதி எழுதிக் கை வலிக்கிறது. இந்தப் பக்கம் ஒரு ஆலையில், ‘காற்று நன்றாக இழுக்கட்டும்’ என்று எலிமினேட்டரைக் கழற்றி, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். கூரை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. இந்த நோய் பெரும்பாலும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் வருகிறது. 2015-இல் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸில் ஒரு டவரிலிருந்து பரவி 130 பேருக்கு மேல் படுத்தார்கள், பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அது ஊருக்கு நடுவே நின்ற டவர். உங்களுடையது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நிற்கிறது. உடைந்த எலிமினேட்டரை மாற்றுங்கள், இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். அதுவரை அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

ஓணத்துக்கு 10 நாள் மூடினோம். அப்படியே ஓட்டலாமா? (கொழிஞ்சாம்பாறை)

கூடாது. ஃபேனை அணைத்து, பம்பை மட்டும் ஓட்டி, குளோரினை 5 மணி நேரம் 5 பிபிஎம்மிலேயே குறையாமல் வைத்திருங்கள். அப்புறம் வடித்து, சேற்றை அள்ளி, பிரஷ் போட்டுத் தேயுங்கள். புதுத் தண்ணீரில் மறுபடி குளோரின். கழுவுகிறவருக்கு மாஸ்க். ஆமாம், மறுபடியும் மாஸ்க்.

ப்ளோடவுன் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா? (கோபாலபுரம்)

உப்பு ஏறியதால் டவரிலிருந்து வடித்துவிடும் தண்ணீர் அது, பயோசைடும் (கிருமிக்கொல்லி) கலந்தது. தென்னை கேட்டதா?