பல்கலைக்கழக ஓபன் டே: ஆறு வயதுக்கும் எழுபதுக்கும் ஒரே நாள் போதுமா?

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில், துறைகளையும் ஆய்வகங்களையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஓபன் டே வருகிறது. 'எல்லா வயதினரும் வரலாம்' என்று அறிவித்திருக்கிறார்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகனுக்கு ஆறு வயது. அப்பா எழுபதைத் தாண்டியவர், பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் அரங்குகள் வரிசையாக நீள்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? அப்பாவை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் அவருடைய பேஸ்மேக்கரை மனதில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். வேதியியல் துறையில், மூலக்கூறுகளின் அமைப்பை வலுவான காந்தத்தைக் கொண்டு ஆராயும் என்.எம்.ஆர். என்ற கருவி இருக்கும். அந்தக் காந்தம் பேஸ்மேக்கரின் வேலையைக் குழப்பிவிடலாம். ஆளுயரத்துக்குப் பெரிய பால் கேன் மாதிரி நிற்கும். அதற்குள் இருக்கும் மீக்கடத்திச் சுருள் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள்) மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. மின்விசிறியைப் போல நினைத்த நேரத்தில் அணைத்துவிட முடியாது. பார்வையாளர்கள் வரும் நாளிலும் காந்தப்புலம் அப்படியேதான் இருக்கும். காந்தப்புலம் 5 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுக்குக் குறையும் எல்லையைத் தரையில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதைத் தாண்டக் கூடாது. நிலைமின்சாரத்தால் தலைமுடியைச் சிலிர்க்க வைக்கும் வான் டி கிராஃப் கருவியின் உலோக உருண்டையிலிருந்தும் அவர் தள்ளியே இருக்கட்டும். எந்த அரங்குக்குள் நுழையும்போதும் அங்கிருப்பவரிடம் "இவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது? எல்லா அரங்கையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஓபன் டேயில் பார்க்கக் கிடைப்பது கருவிகள் மட்டுமில்லை. ஆண்டு முழுக்க பூட்டிய கதவுக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் அன்று வாசலில் வந்து நிற்கிறார்கள். யாரிடமும் பேசாமல் முப்பது அரங்குகளைக் கடந்து போவதைவிட, நான்கு அரங்குகளில் நின்று நிதானமாகப் பேசுவது மேல்.

உங்கள் மகனின் தெம்பு காலையில்தான். திரவ நைட்ரஜன் காட்சிக்குக் கூட்டம் சேரும், அதனால் முதலில் அங்கே போய்விடுங்கள். ஊதிய பலூனை மைனஸ் 196 டிகிரி திரவத்தில் அமிழ்த்தினால் சுருங்கி, துவண்ட தோலாகிவிடும். வெளியே எடுத்து வைத்தால் தானாகவே உப்பிப் பழைய அளவுக்கு வரும். "காற்று எங்கே போனது?" என்று அவன் கேட்பான். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், காட்சி நடத்தும் மாணவரிடமே கேட்க விடுங்கள். குளிரில் காற்று சுருங்கியதோடு, அதில் ஒரு பகுதி உள்ளேயே திரவமாகியிருக்கிறது. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே திரவமாகிவிடும் அல்லவா? கசங்கிய பலூனின் அடியில் சில நேரம் அந்தத் திரவம் தளும்புவதைப் பார்க்கலாம்.

அடுத்து, குழந்தைகள் கையால் செய்யும் அரங்கு எதற்காவது கூட்டிப் போங்கள். ஸ்ட்ராபெரியிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது பல இடங்களில் நடக்கும். பையில் பழத்தைப் போட்டு நசுக்கி, உப்பும் சோப்புக் கரைசலும் சேர்த்து வடிகட்டி, மேலே குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால் வெள்ளையாக நூல்நூலாகத் திரண்டு வரும். குச்சியில் சுற்றி எடுக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை அதை நெடுநாள் மறக்காது. இந்த இரண்டு போதும். மதியத்துக்குப் பிறகும் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தால் அழுகையில்தான் முடியும்.

அப்பாவுக்கு உட்கார்ந்து கேட்கும் உரைகள் நல்லது. முன்பதிவு வேண்டுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தாவரவியல் துறையில் உலர்தாவரச் சேகரிப்பு இருந்தால் அதையும் தவறவிட வேண்டாம். தாளில் ஒட்டிய செடியின் ஓரத்தில், எங்கே, எந்தத் தேதியில், யார் பறித்தது என்று சிறு சீட்டு இருக்கும். பெரியவர்கள் அங்கே நின்று ஒவ்வொன்றாகப் படிப்பதை நான் ஆசையோடு பார்த்திருக்கிறேன். வளாகம் பெரிது என்றால், துறைகளுக்கிடையே வண்டி ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள்.

உங்கள் மகளுக்குத்தான் இந்த நாள் மிக முக்கியம். அவளைத் தனியாக விடுங்கள். பெற்றோர் பக்கத்தில் நின்றால் கேள்விகளைப் பெற்றோரே கேட்டுவிடுகிறார்கள். பேராசிரியர்களைவிட இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் அவள் பேசட்டும். வாரத்தில் ஆய்வகம் எத்தனை மணி நேரம், முதல் பருவத்தில் எந்தப் பாடம் தடுக்கி விழ வைத்தது, சீனியர்கள் படிப்பு முடித்து எங்கே போனார்கள்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில் எந்த விளம்பரக் கையேட்டிலும் இருக்காது. அவள் நினைத்தே பார்க்காத துறை ஒன்றுக்குள்ளும் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். மண்ணியல், மொழியியல், புள்ளியியல் என எதுவாகவும் இருக்கட்டும். கட்டணம், உதவித்தொகை, தகுதி மதிப்பெண் பற்றிச் சேர்க்கைப் பிரிவில் கேட்டால், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி விண்ணப்பம் போட வேண்டாம்.

கடைசி ஒரு மணி நேரத்தில் கூட்டம் குறைந்துவிடும். காலையில் வரிசை நீண்டிருந்த அரங்கு ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போது அவள் போகட்டும். ஆய்வு மாணவர்கள் களைத்திருப்பார்கள், ஆனாலும் ஒரே ஆள் வந்து நின்று அக்கறையாகக் கேட்டால் கருவியைத் திறந்தே காட்டுவார்கள்.

எல்லோரும் முழுதாக மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், செருப்போடு பல ஆய்வகங்களில் உள்ளே விடமாட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிரிவதற்கு முன், திரும்பச் சேரும் இடத்தையும் நேரத்தையும் பேசி வைத்துவிடுங்கள். தடித்த சுவர்களுக்குள்ளும் அடித்தள ஆய்வகங்களிலும் மொபைல் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.