செக்கண்ட் பேசுக்கு மாற்றியதற்கா இவ்வளவு கவலை, அக்கா?

அக்கா, நீங்கள் அனுப்பிய வொய்ஸை இரண்டு தரம் கேட்டேன். மகன் 10ஆம் வகுப்பு, பேஸ்போல் ரெப் அணியில் (தெரிவு செய்து எடுக்கிற போட்டி அணி) இரண்டு வருஷமாக ஷோர்ட்ஸ்டொப், அதாவது செக்கண்ட் பேசுக்கும் தேர்ட் பேசுக்கும் நடுவில் நின்றவன், இந்த வருஷம் பயிற்சியாளர் அவனைச் செக்கண்ட் பேசுக்கு மாற்றிவிட்டார், அவன் அணியையே விடப்போகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், இதுதான் சாட்டு என்று அத்தான் பேஸ்போலை நிறுத்தி ரியூசனில் போடச் சொல்கிறார். "18 வயசுக்குள்ள எடுபடாவிட்டால் எல்லாம் முடிஞ்சுதுதானே" என்று கடைசியில் கேட்டீர்கள். இல்லை. ஆனால் அந்த 'இல்லை'யைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மகன் அதைத் தனக்கு வசதியாக எடுத்துக்கொள்வான்.

லூர்தெஸ் கூரியெலை அவனுக்குத் தெரியாமல் இருக்காது. 2018இலிருந்து 2022 வரை நம் ரொறொன்ரோ புளூ ஜேய்சில் ஆடியவர், அன்னாசிப்பழம் மாதிரி முடி வைத்திருந்தவர், பட்டப்பெயரே ஸ்பானிஷில் அன்னாசிதான். அவரும் இன்ஃபீல்டராக, பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவராகத்தான் வந்தார். 2019 ஏப்ரலில் செக்கண்ட் பேசில் நின்றுகொண்டு பக்கத்தில் இருக்கிற ஃபேர்ஸ்ட் பேசுக்குப் பந்தை எறிய அவருக்குக் கை வரவில்லை. சின்னப் பிள்ளை எறிகிற தூரம் அக்கா அது. மனது குழம்பினால் கையும் குழம்பிவிடும், அந்த ஆட்டத்தில் இது பெரிய வியாதி. உடனே பஃபலோவுக்கு, கீழ்மட்ட லீக்கான மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் பேஸ்களுக்கு அப்பால் லெஃப்ட் ஃபீல்டில் நிற்கப் பழகி, மே மாதமே திரும்பி வந்து, அந்த வருஷம் 84 ஆட்டத்தில் 20 ஹோம் ரன் அடித்தார். மகனுக்கு இதைச் சொன்னாலே பாதிக் கோபம் இறங்கும். உங்களுக்கும் அத்தானுக்கும் நான் சொல்ல நினைப்பது அவருடைய அண்ணனின் கதை.

அண்ணன் பெயர் யூலியெஸ்கி, எல்லாரும் யூலி என்பார்கள். 1984இல் கியூபாவின் நடுவில் இருக்கிற சாங்க்தி ஸ்பீரித்துஸில் பிறந்தவர். அப்பாவும் லூர்தெஸ்தான், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கியூபா அணியில் இருந்தவர். அந்த நாட்டில் 1961இல் தொழில்முறை விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் அரசாங்கத்து அணிகள், மாகாணத்துக்கு மாகாணம் ஆடுகிற தேசியத் தொடர், அரசாங்கம் தருகிற சம்பளம். வெளிநாட்டு லீக்குகளில் கொடுப்பதோடு வைத்துப் பார்த்தால் அது பஸ் காசு. யூலி பதின்ம வயதிலேயே ஊர் அணிக்கு ஆடத் தொடங்கினார், பிறகு ஹவானாவின் இந்துஸ்த்ரியாலெஸ். தேர்ட் பேஸ், செக்கண்ட் பேஸ் இரண்டும் நிற்பார். 20 வயதில், 2004 ஏதென்ஸில் தங்கம். 2006 உலக பேஸ்போல் கிளாசிக்கில் கியூபா இறுதியாட்டம் வரைக்கும் போய் ஜப்பானிடம் தோற்றபோது செக்கண்ட் பேசில் நின்றவர் இவர்தான், அப்போதே அமெரிக்க அணிகளுக்கு இவர்மேல் ஒரு கண்.

2008 பெய்ஜிங் இறுதியாட்டத்தை மட்டும் மகனோடு உட்கார்ந்து பாருங்கள், இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, கொரியா 3, கியூபா 2. மூன்று பேசிலும் ஆள் நிற்கிறது, ஒரே ஒருவர்தான் அவுட். கொரியாவின் கேட்ச்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிக்கிறவர்) நடுவரோடு வாய்காட்டி வெளியே அனுப்பப்படுகிறார், அதோடு பந்து வீசுகிற பிட்ச்சரையும் மாற்றுகிறார்கள். (அதுவரை வீசிக்கொண்டிருந்த ரியூ ஹ்யுன்-ஜின் 2020இல் நம் புளூ ஜேய்சுக்கே வந்து, யூலியின் தம்பியோடு ஒரே அணியில் ஆடினார், உலகம் அவ்வளவு சின்னது.) மட்டையோடு வருகிறவர் யூலி. ஒரு நல்ல அடி போதும், தங்கம். பந்து தரையோடு உருண்டு நேரே ஷோர்ட்ஸ்டொப்பின் கைக்குப் போகிறது, அங்கிருந்து செக்கண்ட், அங்கிருந்து ஃபேர்ஸ்ட், டபுள் பிளே, அதாவது ஒரே அடியில் இரண்டு பேர் அவுட், முடிந்தது. கொரியாக்காரர்கள் குதிக்கிறார்கள். கியூபாவில் பேஸ்போல் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த 24 வயசுப் பெடியனுக்கு ஊர் திரும்பும்போது எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். அவர் அதற்குப் பிறகும் ஏழு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டிலேயே ஆடினார்.

ஏன் அப்போதே அமெரிக்காவுக்குப் போகவில்லை என்று அத்தான் கேட்பார். போக வழியில்லை. அமெரிக்கத் தடைச்சட்டத்தின்படி கியூபாவில் குடியிருக்கிற ஒருவரை அங்குள்ள அணிகள் எடுக்க முடியாது, நாட்டை விட்டு வெளியேறி வேறு இடத்தில் குடியிருப்பைக் காட்ட வேண்டும், அப்படி வெளியேறினால் அந்தக் காலத்தில் கியூபா அவருக்குக் கதவை அடைத்துவிடும். 2013இல் கியூபா கொஞ்சம் இளகி வெளிநாட்டு லீக்குகளில் ஆட விட்டது. 2014இல் யூலி ஜப்பானில் யோகோஹாமாவுக்கு 62 ஆட்டம் ஆடி 11 ஹோம் ரன் அடித்தார், சராசரி .305. அடுத்த வருஷம் காயம் என்று சொல்லி அங்கே போகவில்லை, அந்த அணி ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. 2015-16 கியூபாத் தொடரில் 49 ஆட்டத்தில் சராசரி .500. அதாவது பாதித் தடவை அடி விழுந்திருக்கிறது, இந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று அடித்தாலே ஆள் பெரிய ஆள். 2016 பெப்ரவரியில் கரிபியன் தொடருக்காக டொமினிக்கன் குடியரசு போன இடத்தில் அண்ணனும் தம்பியும் சொல்லாமல் கொள்ளாமல் ஹோட்டலை விட்டு வெளிக்கிட்டார்கள். அந்த ஜூலையில் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் யூலியை 5 வருஷத்துக்கு 4 கோடியே 75 இலட்சம் டொலருக்கு எடுத்தது. வயது 32. தம்பி அவசரப்படவில்லை. 23 வயது முடிந்தால் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான சம்பள உச்சவரம்பு தனக்குப் பொருந்தாது என்று தெரிந்து அதுவரை பொறுத்திருந்து, நவம்பரில் புளூ ஜேய்சோடு 7 வருஷம், 2 கோடியே 20 இலட்சத்துக்குக் கையெழுத்திட்டார். சட்டதிட்டத்தை வாசித்துவிட்டுக் காத்திருந்த அந்தச் சில மாதம் எனக்கு அவருடைய ஹோம் ரன்களைவிடப் பிடிக்கும்.

இனித்தான் உங்கள் மகனுக்கு உரிய இடம். ஹூஸ்டனில் அப்போது செக்கண்ட் பேசில் ஆல்ட்டூவே, ஷோர்ட்ஸ்டொப்பில் கொரேயா, தேர்ட் பேசுக்குப் பிரெக்மன் என்ற இளம் பெடியன் வந்துவிட்டான். யூலி காலமெல்லாம் நின்ற இடங்களில் இடமே இல்லை. மிச்சம் ஃபேர்ஸ்ட் பேஸ். நாட்டின் நட்சத்திரமாக இருந்த ஆள், 32 வயதில், சில வாரம் மைனர் லீக்கில் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு, தனக்குப் பழக்கமில்லாத மூலையில் போய் நின்றார். 2017இல் அணி உலகத் தொடரை, அதாவது அமெரிக்கப் பெரிய லீக்கின் இறுதித் தொடரை வென்றது (அந்த வருஷம் அணி எதிரணிக் கேட்ச்சர் பிட்ச்சருக்குக் காட்டுகிற சைகைகளைக் களவாகப் பார்த்தது பின்னாளில் வெளிவந்து பெரிய அவமானமானதையும் மகனிடம் மறைக்க வேண்டாம்). 2021இல், 37 வயதில், அமெரிக்கன் லீக்கிலேயே அதிக சராசரி, .319. அதே வருஷம் ஃபேர்ஸ்ட் பேசில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதும் அவருக்குத்தான். பழகியிருக்காத அதே மூலைக்கு.

ஆனபடியால் பயிற்சியாளர் மாற்றியது தண்டனை என்று நான் நினைக்கவில்லை. செக்கண்ட் பேசில் டபுள் பிளே செய்கிறபோது ஓடிவருகிறவன் பெரும்பாலும் கண்ணுக்குப் படாத பக்கத்தால் வருவான், பந்தை வாங்கி உடம்பைத் திருப்பி எறிய வேண்டும், காலடி முழுக்க வேறு. அதைப் பழகிய ஷோர்ட்ஸ்டொப்பைப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் விரும்பி எடுப்பார்கள், இரண்டு இடத்துக்கு ஒரே ஆள். ஒரு சீசன் நிற்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் அணி மாறுவதைப் பற்றிக் கதைப்போம்.

யூலி 32இல் தொடங்கினார் என்று சொல்லி மகன் உங்களை ஏய்க்க விடாதீர்கள். அவர் அதுவரை சும்மா இருக்கவில்லை, அவருக்கு வாசல்தான் பூட்டியிருந்தது. உங்கள் மகனுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. கனடாப் பிள்ளைகள் அமெரிக்க டிராஃப்டுக்குள் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரரை எடுக்கிற தெரிவு) வருகிறார்கள், ஆனால் அது இப்போது 20 சுற்றுத்தான், அதை நம்பி வீட்டைக் கட்ட முடியாது. நடக்கக்கூடிய வழி அமெரிக்கப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக விளையாட்டின் உச்ச மட்டமான முதல் பிரிவில் ஆட வேண்டுமென்றால் உயர்தரப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடம், அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரி, அதோடு 10 பாடத்தை 12ஆம் வகுப்பு தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம். ஒரு தரம் எண்ணிப் பாருங்கள் அக்கா, அவனுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறதென்று. அத்தான் கேட்கிற ரியூசன் இதற்குத்தான் தேவை. பேஸ்போலை நிறுத்திவிட்டு ரியூசன் என்று சொன்னால் பெடியன் இரண்டையும் வெறுப்பான், பேஸ்போலுக்காக ரியூசன் என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு வருஷப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மூன்றாம் வருஷம் முடியும் வரை, அல்லது 21 வயது வரை, டிராஃப்ட் கிடையாது என்பதையும் அவனுக்கு இப்போதே தெரியவையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 2017 உலகத் தொடரில் ஜப்பான் பிட்ச்சர் டார்விஷின் பந்தில் ஹோம் ரன் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்த யூலி, கண்ணை இழுத்துக் காட்டி ஒரு கேலி செய்தார். கெமராவில் பட்டது. ஜப்பானில் ஆடிய மனிதர், அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டும் அடுத்த வருஷம் 5 ஆட்டத் தடை. மகன் போன வாரம் பயிற்சியாளரைப் பற்றி இன்ஸ்டாவில் ஏதோ போட்டதாகச் சொன்னீர்களே, அதை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். ஆளெடுக்கிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் வாருங்கள், அவனுடைய ரிப்போர்ட் கார்டுகளை 9ஆம் வகுப்பிலிருந்து எடுத்து வாருங்கள். புதுக் கையுறை வேண்டும் என்று கேட்கிறானாமே, வாங்க வேண்டாம். ஃபேர்ஸ்ட் பேசுக்குப் போனால்தான் அந்தப் பெரிய, விரல் பிரியாத கையுறை தேவை. ஷோர்ட்ஸ்டொப்புக்கு வைத்திருப்பதே செக்கண்டுக்கும் போதும்.