சென்னையில் வீட்டு விலையை ஏற்றுவதும் இறக்குவதும்: கேள்வி பதில்

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் வேலை. சென்னை வீடுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நங்கநல்லூரில் 1998இல் கட்டிய ஃப்ளாட். விற்பதற்கு முன்னால் மாடுலர் கிச்சன், புது டைல்ஸ் போட்டால் விலை கூடுமா சார்?

போட்ட பணம் முழுசாகத் திரும்பாது. பெயிண்ட் அடித்து, ஒழுகும் பாத்ரூமைச் சரிசெய்தால் போதும். கட்டடம் வருஷா வருஷம் தேயும், நிலம்தான் ஏறும். அதனால் முதலில் பத்திரத்தில் உங்கள் யு.டி.எஸ்., அதாவது மொத்த மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், 8 ஃப்ளாட் இருந்தால் ஆளுக்கு சுமார் 600 சதுர அடி நிலம் வரும். அதே இடத்தில் 12 ஃப்ளாட் என்றால் 400தான். வீட்டின் அளவு ஒன்றாக இருந்தாலும், பழைய கட்டடத்தில் விலை இந்த இடத்தில்தான் பிரிகிறது. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். எனவே பில்டரும் யு.டி.எஸ்.ஸைத்தான் முதலில் கேட்பார்.

வேளச்சேரியில் தனி வீடு. 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்தது. வாங்க வருபவரிடம் சொல்லணுமா?

சொல்லிவிடுங்கள். மறைத்தாலும் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அப்புறம் பத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வேளச்சேரி முழுக்க ஒரே விலை கிடையாது, அடுத்தடுத்த தெருவுக்கே வித்தியாசம் உண்டு. நான் போனால் முதலில் பார்ப்பது காம்பவுண்டு சுவரில் இருக்கும் தண்ணீர்க் கறை, அடுத்து வாசற்படி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் கட்டடத்துக்கென்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது, மனைக்குத்தான் பேரம் நடக்கும். பாடுபட்டுக் கட்டியவர்களுக்கு இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமான விஷயம்.

கைடுலைன் வேல்யூதானே சந்தை விலை?

இல்லை. அது முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் மதிப்பு. 2017இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். அதற்காகச் சந்தை விலை அப்படி விழவும் இல்லை, எழவும் இல்லை.

தெரு நேராக வந்து முட்டுகிற தெருக்குத்து மனை என்று தரகர் விலையைக் குறைக்கிறார். நியாயமா?

என் மதிப்பீட்டில் அதற்குக் கழிவு கிடையாது. ஆனால் வாங்க வருகிறவர்கள் குறைவு என்பது உண்மை. அவசரமில்லை என்றால் காத்திருங்கள்.

மடிப்பாக்கம் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ரூம் கட்டியிருக்கிறோம், பிளானில் இல்லை. வீடு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. விலை போகுமா?

அந்த இரண்டு ரூமையும் வங்கி பொதுவாகக் கணக்கில் எடுக்காது. வாங்குபவருக்குக் கடன் குறைந்தால் அவர் சொல்லும் விலையும் குறையும். அதைவிடப் பெரிய விஷயம் அப்பாவின் பெயர். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூடப்பிறந்தவர்களோடு பேசி முடித்து, பட்டாவையும் சொத்து வரியையும் உங்கள் எல்லோர் பெயருக்கும் மாற்றுங்கள். வில்லங்கச் சான்று எடுத்து, அப்பா வாங்கிய பழைய கடன் ஏதாவது ரத்தாகாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் கைக்கு வந்த பிறகு விலை சொல்லுங்கள். இப்போதே விற்கக் கிளம்பினால், ரொக்கம் வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார், அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.